இடது காலுக்கு இன்னொரு பத்திரிகை

ஏப்ரல் 9

கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி தன் கல்யாணத்தைப் பழைய பிலிமில் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். செப்டம்பரில் கல்யாணம். மூன்று டிஜிட்டல் கேமரா, ஒரு ட்ரோன், ஒரு கிரேன் எல்லாம் உண்டு. அதற்கு மேல் கொஞ்ச நேரத்துக்கு சூப்பர் 8 என்கிற அந்தப் பழைய பிலிம் வேண்டுமாம். "எங்க தாத்தா காலத்துக் கலர் வரணும் மேடம்" என்றாள். கலர் மட்டும் போதுமா, தாத்தா காலத்து மாமியாரும் வேண்டுமா என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். கல்யாண வீடியோ எடுக்கிறவளுக்கு வாய் நீளமாக இருந்தால் தொழில் நடக்காது.

அப்படித்தான் இந்தக் கேமரா வீட்டுக்கு வந்தது. மும்பையிலிருந்து கூரியரில், மூன்று அடுக்கு பஞ்சு சுற்றி. உள்ளே போடும் பிலிம் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். பிலிம் சுருளை அடைத்த ஒரு கார்ட்ரிட்ஜ் மூன்று நிமிடம்கூட ஓடாது. என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஸ்கிரீன் எங்க புள்ள?"

"இல்லீங்க."

"அப்ப எடுத்தது வந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. மும்பைக்கு அனுப்பிக் கழுவி வாங்கோணும். ரெண்டு மாசம் ஆகும்."

அவர் இருபது வருடமாக என்னோடு கல்யாணம் எடுக்கிறவர். எடுத்ததை அந்த நிமிடமே பார்க்க முடியாத கேமராவை அவரால் கேமராவாகவே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ட்ரோனைத் துடைக்கப் போய்விட்டார்.

எனக்கு வேறொரு யோசனை வந்திருக்கிறது. என் தங்கை சுகந்தி எங்களோடுதான் இருக்கிறாள். மாப்பிள்ளை குமரேசன் கத்தாரில். அப்பா அம்மா இல்லாததால் பிரசவம் எங்கள் பொறுப்பு. இப்போது இரண்டு மாதம். தினமும் காலையில் அவளை பால்கனியில் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு சொடுக்கு, சில பிரேம்கள் மட்டும். நவம்பரில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிச் சொடுக்கு. ஓட்டிப் பார்த்தால் வயிறு பூ மலர்வது போல வளரும். குமரேசன் தினமும் வீடியோ காலில் பார்க்கிறான்தான். ஆனால் தினமும் பார்க்கிறவனுக்கு எது வளர்கிறது என்று தெரியும்?

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஏப்ரல் 10

முதல் சொடுக்கு. சுகந்தி கண்ணை மூடிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி சுகந்திக்கு வாந்தியாக வந்தது. அதற்கு முன்பே படம் எடுத்துவிட்டேன்.

ஏற்பாடு முழுமையாகிவிட்டது. ஹாலில் பால்கனிக் கதவுக்கு நேராக ஸ்டாண்டு. நல்ல ஸ்டாண்டுகள் எல்லாம் கல்யாண வேலைக்குப் போய்விடும் என்பதால் மட்டம் காட்டும் நீர்க்குமிழ் உடைந்துபோன பழைய ஸ்டாண்டை எடுத்துக்கொண்டேன். யாரும் கை வைக்கக் கூடாது என்று மூன்று கால்களையும் ஒரே நீளத்தில் வைத்துக் கறுப்பு டேப் சுற்றி இறுக்கிவிட்டேன். கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் நகப்பூச்சால் வட்டம். சுகந்தியின் பாதத்துக்கும் வட்டம். அவளுக்குப் பின்னால் பால்கனிக் கம்பி, அதற்கும் பின்னால் பள்ளத்தாக்கு, எதிர் மலையின் உச்சியில் போன் டவர். வியூஃபைண்டரின் ஓரத்தோடு டவர் ஒட்டி நேராக நிற்க வேண்டும். அதுதான் என் அளவு. தினமும் டவரைச் சரிபார்த்துவிட்டுத்தான் சொடுக்குவேன்.

"டவருக்குப் போட்டோவா, எனக்குப் போட்டோவாக்கா?" என்கிறாள் சுகந்தி.

மே 6

ஸ்டாண்டு ஏமாற்றுகிறது. டவர் லேசாக வலப்பக்கம் சாய்ந்து தெரிந்தது. அப்படியென்றால் ஸ்டாண்டின் இடது கால் இறங்கியிருக்கிறது. டேப்பை அவிழ்த்து மறுபடி சுற்றினால் எல்லாம் மாறிப்போகும். மேஜை டிராயரில் நாங்கள் எடுத்த கல்யாணங்களின் பத்திரிகைகள் கிடந்தன. ஒன்றை மடித்து இடது காலுக்கு அடியில் கொடுத்தேன். நல்ல கனமான அட்டை, பிள்ளையார் தங்க முலாமில். டவர் நிமிர்ந்துகொண்டது.

வீட்டுக்கு இடப்பக்கம், கீழே தேயிலை எடுத்துவிட்டு வெறுமனே கிடந்த சரிவில் இன்று ஜேசிபி இறங்கியிருக்கிறது. ரிசார்ட் வரப் போகிறதாம். அனுமதி எல்லாம் வாங்கியாயிற்றாம்.

மே 18

ரிசார்ட்காரர்கள் கட்டுமானம் வளர்வதை மாதம் ஒருமுறை ட்ரோனில் எடுத்துத் தரச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் நின்றுகொண்டே எடுக்கிற வேலை. கல்யாணம் இல்லாத மாதங்களில் இதைவிட வேறென்ன வேண்டும் என்கிறார். சாயங்காலம் எனக்கு எடுத்ததைக் காட்டினார். மலையை ஒரு கேக் துண்டு போல வெட்டியிருக்கிறார்கள். சிவப்பாக, செங்குத்தாக. மேலே எங்கள் வீடு, நீல வண்ணத்தில்.

"காத்து அடிச்சுப் பொரட்டுச்சு. ஆனாப் படத்துல ஒரு ஆட்டம் தெரியுதா பாரு. எந்தப் பக்கம் சாஞ்சாலும் அதுவே நிமித்திக்கும்" என்றார்.

என் ஸ்டாண்டுக்கு அந்தப் புத்தி இல்லை. இரண்டாவது பத்திரிகை வைத்தாயிற்று.

ஜூன் 11

மழை. சுகந்தியின் அறைக் கதவு மூட மாட்டேன் என்கிறது. மழைக்கு மரம் ஊறிப்போகும், வழக்கம்தான். அவர் இழைப்புளியை எடுத்து அடியில் இழைத்துவிட்டார். இந்த வீட்டில் ஒரு கதவு, ஒரு ஜன்னல் விடாமல் அவர் கை பட்டது. ஆறு வருடம் கல்யாண வேலையில் வந்ததை எல்லாம் இதில்தான் போட்டோம். வீட்டைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால், ஆளைப் பெற்றவர்களைச் சொன்னது போல முகம் சுருங்கிவிடும்.

சுகந்தி வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. பெருமையாகத் திரும்பி நிற்கிறாள். நேராக நில்லு என்று திட்டினேன்.

ஜூலை 3

தோசை சுட்டேன். எண்ணெய் கல்லின் இடது ஓரத்துக்கே ஓடுகிறது. வலது பக்கம் காய்ந்து ஒட்டுகிறது. அடுப்பின் கால் தேய்ந்துவிட்டது போல. அடியில் ஒரு சில்லறைக் காசு வைத்தேன்.

ஸ்டாண்டின் காலுக்கு மூன்றாவது.

ஜூலை 20

பேருந்து நிலையம் பக்கத்தில் கேமரா ரிப்பேர் செய்யும் ஃபாரூக் பாயிடம் ஸ்டாண்டைக் கொண்டுபோனேன். காலை நீட்டினார், மடக்கினார், மேலே ஏறி உட்காராத குறைதான்.

"லாக்கெல்லாம் கெட்டியா இருக்கும்மா. ஒரு நூல்கூட இறங்காது."

"இறங்குதுங்க பாய். நான் தினம் பாக்குறேன்."

"அப்ப உங்க தரையைப் பாருங்க" என்று சிரித்தார்.

ரிப்பேர் தெரியாதவர்களுக்குத்தான் இந்த வாய். வீட்டுக்கு வந்து டேப்பை மறுபடி அதே நீளத்தில் சுற்றி, வட்டத்தில் நிறுத்தி, பத்திரிகைகளை வைத்தேன். நான்காவதும் தேவைப்பட்டது.

ஆகஸ்ட் 15

மொட்டைமாடியில் கொடி ஏற்றினார். எங்கள் வழக்கம் இல்லை, ரிசார்ட்டின் வீடியோவுக்காக. கீழே வேலை வேகமாக நடக்கிறது. இரவெல்லாம் லாரி போனதாம், சுகந்தி தூங்கவில்லை. கட்டில் குலுங்குகிறது என்கிறாள். ஆறு மாதத்தில் எல்லாமே குலுங்கும் என்றேன்.

ஆகஸ்ட் 24

அவர் சுகந்தியின் அறையில் தொட்டிலுக்குக் கொக்கி அடித்தார். இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது, இப்போதே என்ன அவசரம் என்றால் கேட்கவில்லை. தானே கயிறு வாங்கி வந்து, இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாணை மூன்று முறை அளந்து தொங்கவிட்டார். பிறகு ஆட்டிப் பார்த்தார். வெறும் கயிற்றை. நான் பார்ப்பதைக் கவனித்ததும், "கொக்கி தாங்குதான்னு பாக்கோணுமல்ல" என்றார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. சமையலறைக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 8

இன்று அவரோடு பேசவில்லை. நாளையும் பேசப் போவதில்லை.

கோயம்புத்தூர்க் கல்யாணம் நேற்று. சுகந்திக்கு ஸ்கேன் இருந்ததால் நான் போகவில்லை. புது கார்ட்ரிட்ஜ் ஃப்ரிட்ஜில் மல்லித்தழை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனிதர் கேமராவை ஸ்டாண்டோடு அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே இருந்தது சுகந்தியின் பிலிம். அதன் மிச்சம் முழுவதும் அந்தப் பெண்ணின் தாத்தா காலத்துக் கலருக்குப் போய்விட்டது. புது கார்ட்ரிட்ஜ் மல்லித்தழைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

"முடிஞ்சு போச்சு. இப்ப என்ன பண்றது? டிஜிட்டல்னா கார்டை மாத்தியிருப்பேன், கண்ணுல தெரியும். இது உள்ள என்ன இருக்குன்னே தெரியாம..."

"அதான் சொன்னேனே."

"சொன்ன புள்ள. சொன்ன. கல்யாண அவசரத்துல மறந்துட்டேன். மத்தபடி எல்லாம் நல்லாத்தான் எடுத்தேன். உன்ற ஸ்டாண்டுகூட நீ டேப் சுத்தின மாதிரியே கொண்டுபோய் வெச்சேன், ஜம்முன்னு நின்னுச்சு."

ஸ்டாண்டு நின்றதாம். என் ஐந்து மாதம் போயிற்று, ஸ்டாண்டு நின்றதைச் சொல்கிறார்.

செப்டம்பர் 10

அந்தப் பெண் அவசரப்படுத்துகிறாள். வேறு வழியில்லை, கார்ட்ரிட்ஜை மும்பைக்கு அனுப்பிவிட்டேன். புதியதைப் போட்டு இன்றிலிருந்து மறுபடி எடுக்கிறேன். இரண்டையும் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டாண்டை வட்டத்தில் வைத்து, இடது காலுக்குப் பத்திரிகைகளை அடுக்கினேன். இந்த முறை ஐந்து.

அவர் மன்னிப்புக் கேட்கும் விதமாகச் சமையல் செய்தார். ரசத்தில் உப்பு இல்லை. சொல்லாமல் சாப்பிட்டேன்.

அக்டோபர் 4

குளியலறைத் தண்ணீர் ஜலதாரைக்குப் போகாமல் எதிர் மூலையில் தேங்குகிறது. சுகந்தி வழுக்கிவிழப் பார்த்தாள். கத்திவிட்டேன். கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார். ஹாலின் இடது மூலையில் சுவரில் ஒரு கோடு ஓடுகிறது, அதையும் காட்டினேன். பூச்சு வெடிப்புதான், புது வீட்டில் வரும் என்றார். வீடு கட்டி ஏழு வருடம் ஆகிறது. கொத்தனார் சொன்னதற்கு என் வீட்டுக்காரரும் வேகமாகத் தலையாட்டினார்.

அக்டோபர் 17

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கீழே ரிசார்ட் வேலையை நிறுத்திவிட்டார்கள். வெட்டின மண்ணின் மேல் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். ஆட்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். காலையில் அந்தத் தார்ப்பாய் படபடக்கும் சத்தத்தில்தான் விழிக்கிறேன்.

டிராயரில் பத்திரிகைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இன்று துழாவியபோது எங்களுடைய கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தது. மூலையில் மஞ்சள் தடவியது இன்னும் இருக்கிறது. அதை எடுத்து வைத்துவிட்டு வேறு யாருடையதையோ எடுத்துக் காலுக்கு அடியில் கொடுத்தேன்.

"நீ டவரை நிமித்தறேன் நிமித்தறேன்னு ஸ்டாண்டைச் சாய்ச்சுட்டே போறக்கா" என்றாள் சுகந்தி.

நடுவில் பேசாதே, உதடு அசையும் என்றேன்.

அக்டோபர் 29

டாக்டர் இன்னும் இரண்டு வாரம் என்கிறார். மேட்டுப்பாளையத்தில் ஆஸ்பத்திரி. மழையில் மலைப்பாதை எப்படி இருக்குமோ என்று எனக்கு அதுதான் கவலை. முன்கூட்டியே கீழே போய் ஒரு அறை எடுத்துத் தங்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"சொந்த வீடு இருக்கறப்ப எதுக்குப் புள்ள? வலி வந்தாக் காரை எடுத்தா ஒரு மணி நேரம். பிரசவம் ஆகி இங்கதான் வரோணும், அதான் தொட்டில் எல்லாம் கட்டியிருக்கேன்."

சுகந்தியின் அறையில் துணி மடிக்கப் போனேன். தொட்டில் கயிறு காற்றில் சுவரைத் தொட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் தொட்டுக்கொண்டே இருந்தது.

நவம்பர் 3

கூரியர் வந்தது. மும்பையிலிருந்து பிலிம்.

அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் எனக்குப் போய்விட்டது. மத்தியானமே ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி ஹாலை இருட்டாக்கினார். புரொஜெக்டரை நானே ஏற்றினேன். சுகந்தி நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே மழை. சுவரில் வெளிச்சம் விழுந்தது.

எவ்வளவு அழகாக இருந்தது. முதலில் ஒல்லியான சுகந்தி, கண்ணை மூடிக்கொண்டு. நான் நினைத்தது சரிதான். பிறகு சேலை, சுடிதார், நைட்டி என்று நிறம் மாறி மாறிப் படபடத்தது. அவள் அசையவே இல்லை. பின்னால் டவரும் அசையவில்லை. வயிறு மட்டும் மெல்ல, மெல்ல முன்னால் வந்தது. பின்னால் மேகம் கொதித்தது. அவர் கைதட்டிச் சிரித்தார். "கண்ணு, நீ பலூன் மாதிரி ஊதறியே!" சுகந்தியும் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் டவர் ஒரு முடி அளவுகூட நகரவில்லை.

சிரிப்பை முதலில் நிறுத்தியது சுகந்திதான்.

"அக்கா, மறுபடி போடு."

போட்டேன்.

"என்னையப் பாக்காத. கம்பியப் பாரு."

பார்த்தேன். அவள் நேராக நிற்கிறாள். டவர் நேராக நிற்கிறது. அவளைச் சுற்றி இருந்த பால்கனிக் கம்பி, கதவு நிலை, தரை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இடப்பக்கம் இறங்கிக்கொண்டே போகின்றன. கவிழும் தட்டிலிருந்து சறுக்காமல் நிற்கிறவள் போல அவள் நிற்கிறாள்.

"நான் நேராத்தானே நிக்கிறேன்? வீடுதான்க்கா சாயுது."

பிலிம் ஓடிக்கொண்டே இருந்தது. சுகந்தி போய்க் கல்யாண மண்டபம் வந்தது. அதே கேமரா, அதே ஸ்டாண்டு, அடியில் எந்தப் பத்திரிகையும் கிடையாது. தூண்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக நின்றன. மணப்பெண் சிரித்தாள். கெட்டிமேளம் சத்தமில்லாமல் அடித்தது.

அவர் எழுந்து சுகந்தியின் அறைக்குப் போனார். நானும் போனேன். தொட்டில் கயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் கையை வைத்து ஒரு சாண் அளக்கப் பார்த்தார். கை நுழையவில்லை. கயிறு சுவரில் ஒட்டிக் கிடந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"துணி எடுத்துக்க" என்றார். "கெளம்பலாம்."

மேட்டுப்பாளையத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரில் லாட்ஜில் இருக்கிறோம். என் பையில் சுகந்தியின் துணி, மருந்துச் சீட்டு, இந்த நோட்டு, அந்த ஒரு பிலிம் சுருள். அவ்வளவுதான் எடுத்து வர முடிந்தது.

நவம்பர் 4

சமவெளியில் எல்லாம் நேராக இருக்கிறது. ஹோட்டலில் தோசை வட்டமாக வந்தது.

எங்கள் தெருவில் இருக்கும் எல்லோருக்கும் அவர் போன் செய்து சொன்னார். சரிவில் எங்களுக்கு மேல் வீட்டு ஆசிரியர் உடனே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். மற்றவர்கள் யோசிக்கிறார்களாம். ரிசார்ட்காரர் போனை எடுக்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தால் மழை விட்டதும் வந்து பார்க்கிறோம் என்கிறார்கள்.

அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஹார்டு டிஸ்க் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. இந்த வருடத்துக் கல்யாணங்கள், இன்னும் யாருக்கும் கொடுக்காதவை. "அது நம்மளதா? அவங்க கல்யாணம். மறுபடி நடத்தச் சொல்ல முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போகக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். என் தலையில் கை வைத்தார்.

நவம்பர் 6

பெண் குழந்தை. விடியற்காலையில் பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

அவர் குழந்தையைக் கையில் வாங்கவே பயந்தார். பிறகு வாங்கிக்கொண்டு தரவே இல்லை. நர்ஸ் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். "மூக்கு உன்னோடது புள்ள" என்றார். சுகந்தியின் மூக்கும் என் மூக்கும் ஒன்றுதான், அதை விளக்க எனக்குத் தெம்பு இல்லை. நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் வந்திருந்தது. அவர் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். அப்போதுதான் போன் வந்தது.

"பிரமிளா, கோவிச்சுக்காத. மழை நின்னு போச்சுன்னு வந்தேன். வீடு நல்லாத்தான் நிக்குது. டிஸ்க் எல்லாத்தையும் கார்ல வெச்சுட்டேன்."

"வெளிய வாங்க."

"வர்றேன், வர்றேன். ஆளில்லாட்டியும் பாப்பா பொறந்த அன்னைக்கு ஃப்ரேம் இல்லாமப் போயிரக் கூடாதுல்ல. அந்தக் கல்யாணத்துலதான் உன்ற பிலிமைக் கெடுத்தேன். இன்னைக்கு நானே எடுத்துட்டு வந்துடறேன்."

"எனக்கு ஃப்ரேம் வேண்டாங்க. வெளிய வாங்க."

"ஒரு நிமிசம். டவர் நேராவே வரமாட்டேங்குது புள்ள. இருந்த பத்திரிகை எல்லாம் வெச்சு டேப் போட்டுச் சுத்திட்டேன். டிராயர்ல நம்ம பத்திரிகை ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் வெச்சேன். பத்தல."

நான் கத்தினேன். வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி சரி, கத்தாத. சாஞ்சே இருக்கட்டும். இதோ."

கேமரா ஓடும் சின்னச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 7

போன் எடுக்கவில்லை. மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது.

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது.

நவம்பர் 8

பாதையை அடைத்திருக்கிறார்களாம். மேல் வீட்டு ஆசிரியர் வந்தார், உட்கார்ந்தார், எழுந்து போனார். இரண்டு பேர் வந்து, அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டார்கள். நீலம் என்றேன். சுகந்தியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பால் வற்றிவிடும்.

நவம்பர் 12

ஆஸ்பத்திரியில் சான்றிதழுக்குப் பெயர் கேட்கிறார்கள். குழந்தைக்கு அவர் வந்துதான் பெயர் வைப்பார் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 18

நடுவில் எழுதவில்லை.

மேட்டுப்பாளையத்திலேயே ஒரு வீடு பார்த்துவிட்டோம். குமரேசன் லீவு போட்டு வந்திருக்கிறான். வந்த அன்று இரவல் புரொஜெக்டரில் பிலிமை ஓட்டிக் காட்டச் சொன்னான். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. கல்யாண மண்டபத்தில் கடைசியில் ஒரு கணம் அவர் முகம் வரும். ஓடுகிறதா என்று லென்ஸுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். நவம்பரில் ஓட்டியபோது நாங்கள் கடைசி வரை பார்க்கவில்லை.

இன்று ஆசிரியர் வந்தார். எங்கள் வீடு இருந்த இடத்தில் சரிந்த மண்ணை எடுக்கும்போது கிடைத்ததாம், எங்களுடையதாக இருக்கும் என்று கொண்டுவந்தார். ஸ்டாண்டு. தலை முறிந்து போயிருந்தது, கேமராவைக் காணோம். கால்களில் நான் சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. இடது காலின் அடியில் அவர் டேப் சுற்றிக் கட்டிய பத்திரிகைக் கட்டும் இருந்தது. என் முஷ்டி அளவு தடிமன்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார் ஆசிரியர்.

துணியைத் தண்ணீரில் நனைத்து மண்ணைத் துடைத்தேன். எல்லாம் ஊறி ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. பிள்ளையார்கள், தங்க எழுத்துகள், யார் யாருடைய பெயர்களோ. எல்லாவற்றுக்கும் அடியில் எங்களுடையது. மூலையில் மஞ்சள்.

ஜனவரி 21

முதல் கேமராவை அனுப்பிய மும்பைக்காரர் இன்னொரு கேமரா அனுப்பியிருந்தார். குமரேசன் ஸ்டாண்டுக்குப் புதுத் தலை மாட்டிக் கொடுத்தான். காலையில் வாசலில் வைத்தேன். குழந்தையை எடுத்துக்கொண்டு சுகந்தி எதிரில் வந்து நின்றாள். குழந்தைக்கு அவர் பெயரையொட்டி ஆறுமுகி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"அக்கா, ஸ்டாண்டு சாஞ்சிருக்கே. அந்தப் பேப்பரை அவுத்துட்டு வை."

"இருக்கட்டும்."

வியூஃபைண்டரில் அவள், குழந்தை, பின்னால் வேப்பமரம் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து தெரிந்தன. நேராக நில்லு என்று சொல்லவில்லை. அப்படியே சொடுக்கினேன்.